அரக்குச் செதில்: ஆயத்த பாலிஷுக்கு மாற்றாகுமா?

பழைய தேக்கு நாற்காலிகளுக்கு மெருகேற்ற வாங்கிய அரைக் கிலோ அரக்குச் செதில் பொட்டலத்தில் மூன்று செய்திகள் அச்சிடப்பட்டிருந்தன: பொன்னிறம், மெழுகு நீக்காதது, தயாரித்த மாதம். வாங்குகிறவர் அறிய வேண்டியவை பெரும்பாலும் இவையே. பிரெஞ்சு பாலிஷ் என்று குப்பியில் வரும் ஆயத்தக் கலவைகளில், அரக்கு எவ்வளவு, விலை குறைந்த ரோசின் (பைன் மரப் பிசின்) எவ்வளவு என்பது பல வேளைகளில் தெரிவதே இல்லை.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக்கி நொறுக்கினால் கிடைப்பதுதான் இந்தச் செதில். இயற்கையிலேயே இதில் ஏறத்தாழ 5 விழுக்காடு மெழுகு உண்டு. 100 கிராம் செதிலை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் (பாலிஷுக்குப் பயன்படும் ஆல்கஹால்) இரவு முழுவதும் ஊறவிட்டபோது கலங்கலான கரைசல் கிடைத்தது. அதை அசைக்காமல் வைத்திருந்ததில் மெழுகு வெளிறிய படிவாக அடியில் தங்க, மேலே தேன் நிறத் தெளிவு நின்றது. அந்தத் தெளிவை மட்டும் இறுத்து எடுத்துக்கொண்டேன். அடியில் மணலோ மரச்சிராயோ இல்லாதது தரத்துக்குச் சான்று. பொட்டலத்தில் தூள் சற்று மிகுதி என்பதே குறை.

பழைய செய்முறைகளில் இதனுடன் சேரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சந்தரஸ் பிசின் படலத்தைக் கடினமாக்கும், அளவு மீறினால் நொறுங்கவும் வைக்கும். சாம்பிராணிப் பிசின் பளபளப்பைக் கூட்டும் (பூசையறைக்கு விற்கும் கரி கலந்த கப் சாம்பிராணி இதற்கு உதவாது). ஆளி விதை எண்ணெய், பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து தேய்க்கும்போது அந்தப் பொதி பூச்சில் ஒட்டி இழுபடாமலிருக்கச் சில சொட்டு மட்டுமே. கூடுதலாக விட்டால் பளபளப்பு மங்கிவிடும். அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் விரித்தே உலர்த்த வேண்டும்.

மெல்லிய பூச்சுகளாக ஏற்றியதில் தேக்கின் ரேகைகள் மறையாமல் நிறம் மட்டும் ஆழப்பட்டது. மழைநாளில் பூசிய ஒரு கால் மட்டும் வெளுத்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம், செதிலைக் குறை சொல்ல முடியாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாகத் தடவியதும் சரியாயிற்று.

சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேலே பாலியூரித்தேன் என்ற செயற்கை வார்னிஷ் பூச நினைப்பவர்கள் மெழுகு நீக்கிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மெழுகு நீக்காத இந்த வகையின் மேல் அது சரியாகப் பிடிக்காது. கரைத்ததை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பூச்சு உலராமல் பிசுபிசுக்கும் என்பதால், தேவைக்கு மட்டும் கரைத்துக்கொண்டு மீதிச் செதிலை ஈரம் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.