ராஸ்பெரி பையில் ஹெட்ஃபோன்: ஜாக்கா, யுஎஸ்பி சவுண்ட் கார்டா, ஐ2எஸ் பலகையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்க, சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டே போதும். என் பை 4-இல் இப்போது இருப்பதும் அதுதான். போர்டிலேயே இருக்கும் 3.5 மி.மீ. ஜாக், பின்களில் மாட்டும் ஐ2எஸ் டாக் பலகை (டாக் என்பது டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக்கும் சிப், ஐ2எஸ் என்பது அதற்குத் தரவு போகும் வழி) இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். புளூடூத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, வீடியோ ஓட்டினால் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம்.

ஜாக் இலவசம், அதுதான் அதன் பெருமை. பை 4-இல் அந்த ஜாக்குக்குப் பின்னால் தனி டாக் சிப் கிடையாது. பிராசசர் பிடபிள்யூஎம் என்ற, அகலம் மாறி மாறி வரும் ஆன்-ஆஃப் துடிப்புகளாக அனுப்புவதை ஒரு சின்ன சர்க்யூட் வடிகட்டி ஒலியாக்குகிறது. சினிமாப் பாட்டுக்கு இது தாராளம். ஆனால் மார்கழிக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, ஆலாபனைக்கு நடுவே பாடகர் நிறுத்தித் தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தைக் கவனியுங்கள், 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

சத்தமே வராவிட்டால் பெரும்பாலும் ஜாக் மேல் குற்றமில்லை. ஹெச்டிஎம்ஐ மானிட்டர் மாட்டியிருந்தால் ஒலி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். டெஸ்க்டாப்பில் ஸ்பீக்கர் ஐகானை ரைட் கிளிக் செய்து ஜாக்கைத் தேர்ந்தெடுத்தால் சரி. டெர்மினல் மட்டும்தான் என்றால் ஏபிளே மைனஸ் எல் என்ற கட்டளையைக் கொடுத்து 'ஹெட்ஃபோன்ஸ்' என்ற கார்டு பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், பை துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக் கோப்பில் ஆடியோ ஆன் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையின் இயங்குதளத்தில் 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பு 'பூட்' ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டருக்கு மாறிவிட்டது, பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய இடத்தில் திருத்தினால் ஒன்றும் நடக்காது. அப்புறம், டெர்மினலில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆல்சாமிக்சர். எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுங்கள், பட்டையின் கீழே 'எம்எம்' என்றிருந்தால் மியூட் ஆகியிருக்கிறது, எம் விசையைத் தட்டினால் திறக்கும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் சத்தம் வரவில்லை என்று வையுங்கள். இப்போது கோளாறு செட்டிங்கிலா, டிரைவரிலா, ஜாக்கின் உள்ளே தளர்ந்த தகட்டிலா? ஜாக்கைப் போர்டிலிருந்து கழற்றி வேறெங்கும் மாட்டிப் பார்க்க முடியாது. யுஎஸ்பி கார்டு ஜெயிப்பது இந்த ஓர் இடத்தில்தான், என் கணக்கில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பிடுங்கி லேப்டாப்பில் செருகுங்கள். அங்கே பாடினால் கார்டு நல்லது, கோளாறு பையின் செட்டிங்கில். அங்கேயும் ஊமை என்றால் ஹெட்ஃபோனை மாற்றிப் பாருங்கள், அப்போதும் ஊமை என்றால் கார்டைத் தூக்கிப் போட்டு வேறு வாங்க வேண்டியதுதான். ஒரு நிமிஷ வேலை. எஸ்டி கார்டு கெட்டுப்போய் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டி வந்தாலும் இதற்கென்று எந்த வரியையும் நினைவு வைத்திருக்க வேண்டாம், லினக்ஸ் கர்னலிலேயே இதற்கான டிரைவர் இருக்கிறது, செருகியதும் பட்டியலில் வந்து நிற்கும்.

தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரீபூட் ஆகும்போது கார்டுகளின் எண் சில சமயம் இடம் மாறும், நேற்று 1 என்றிருந்தது இன்று 2 ஆகிவிடும். அதனால் டெஸ்க்டாப் இல்லாத பையில் எந்தக் கார்டில் ஒலி வர வேண்டும் என்று சொல்லும் ஏசவுண்ட் கான்ஃப் கோப்பில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைப் போடுங்கள். மலிவான கார்டுகள் பலவற்றின் பெயர் வெறும் 'டிவைஸ்' என்றுதான் வரும், பெயர் வைக்கவே சோம்பல் போலிருக்கிறது. இன்னொன்று, சில கார்டுகளின் உடம்பு பருமன், பக்கத்து யுஎஸ்பி போர்ட்டையும் மறைத்துவிடும், ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் தீர்ந்தது.

ஐ2எஸ் பலகையை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி, அதுவும் பிசிஎம்5102 சிப் வைத்த மலிவு ரகம், ஆகவே எல்லாப் பலகைக்கும் இதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒலி சுத்தம், அந்தத் தம்பூரா இடத்தில் இரைச்சலே இல்லை. ஆனால் அந்தச் சிப்பின் வெளியீடு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் லைன் அளவு, 32 ஓம் ஹெட்ஃபோனை நேராக இழுக்க அது செய்யப்பட்டதல்ல. ஆல்சாமிக்சரைத் திறந்தால் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று கையை விரிக்கும், வால்யூமை மென்பொருளில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஊமையானால் கான்ஃபிக்கில் பலகையைப் பைக்கு அடையாளம் காட்டும் ஓவர்லே வரியா, ஜம்பர் வயரா, பலகையின் பின்பக்கச் சால்டர் புள்ளியா என்று தேடவேண்டும், லேப்டாப்பில் மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடல் காற்றில் ஜம்பர் வயர் பின்கள் கறுக்கிற அழகுக்கு இது வேறு. நல்ல ஆம்ப், ஸ்பீக்கர் வைத்திருப்பவர் ஒருமுறை சால்டர் செய்து பெட்டிக்குள் மூடிவிடுவதானால் இதைத்தான் வாங்க வேண்டும், அதை மறுக்கவில்லை.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு யோசனை இன்னும் குறைவு, அதில் ஜாக்கே இல்லை. கார்டு வாங்கும்போது போனையும் ஓடிஜி வயரையும் எடுத்துப் போங்கள். கடையிலேயே செருகி, இடது வலது இரண்டு காதிலும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.