இரண்டு இணைய இணைப்புகள், ஒரு ரவுட்டர்: மூன்றாண்டு அனுபவம்

100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பையும் 50 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பையும் ஒரே ரவுட்டரில் சேர்த்து, ரவுட்டர்களுக்கான திறமூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியின் எம்வான்3 தொகுப்பு மூலம் போக்குவரத்தை 2:1 விகிதத்தில் பிரித்து, மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது 150 கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். கருவிக்கும் சர்வருக்கும் இடையே உருவாகும் ஒவ்வொரு டிசிபி தொடர்பும் ஏதேனும் ஒரு வழியாகத்தான் செல்லும். ஒரே தொடர்பை இரு வழிகளில் அனுப்பும் மல்டிபாத் டிசிபி 2013-லேயே ஆர்எஃப்சி 6824 என்ற தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்திருந்தாலும், மறுமுனையிலுள்ள சர்வரும் அதை ஏற்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் இரண்டின் கூட்டுத்திறன் தெரிகிறது.

முதலில் தொல்லை தந்தது வங்கித் தளம். அடுத்தடுத்த கோரிக்கைகள் வெவ்வேறு ஐபி முகவரிகளிலிருந்து போனதால், அது என்னைப் பாதியில் வெளியேற்றிவிடும். பாதுகாப்பான தளங்கள் (https) பயன்படுத்தும் 443-ஆம் போர்ட்டுக்கான விதியில், ஒரு கருவியை ஒரே வழியில் நிறுத்திவைக்கும் ஸ்டிக்கி வசதியை 600 வினாடிகளுக்கு இயக்கியதும் அது நின்றது. ஆனால் அதன் பிறகு சுமை தொடர்புவாரியாக அல்லாமல், பெரும்பாலும் கருவிவாரியாகவே பிரிகிறது. அந்த விலையைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம் என்றே கருதுகிறேன்.

இந்த அமைப்பின் உயிர் வேகத்தில் இல்லை, இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இருக்கிறது. தொடக்கத்தில் சேவை வழங்குநரின் கேட்வேயை (அவரது வலையமைப்பின் நுழைவாயில்) மட்டும் பிங் செய்து, அதாவது சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்து வந்தேன். ஒருநாள் அந்த கேட்வேக்கு அப்பால் ஃபைபர் வழி அறுந்தது. பிங்குக்குப் பதில் வந்துகொண்டிருந்ததால், வழி நலமாக இருப்பதாகவே ரவுட்டர் நம்பியது. புதிய தொடர்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எங்கும் போய்ச் சேரவில்லை. இணையம் முழுவதும் நின்றிருந்தால் உடனே புரிந்திருக்கும். சில பக்கங்கள் திறந்து, சில பக்கங்களில் படங்கள் மட்டும் வராமல் போனதால், காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. இப்போது, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் பொது டிஎன்எஸ் சர்வர்களான 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 ஆகிய மூன்றையும் 5 வினாடிக்கு ஒருமுறை சோதிக்கிறேன். மூன்றில் குறைந்தது இரண்டு பதில் தர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் அந்த வழி விலக்கப்படும். திரும்பச் சேர்க்க எட்டு வெற்றிகள் தேவை. விட்டுவிட்டு வேலை செய்யும் வழியை அவசரப்பட்டு உள்ளே எடுப்பது, அது இல்லாமலே இருப்பதைவிட மோசமானது.

டிஎன்எஸ் பற்றி ஒரு சொல்: ஒரு வழங்குநரின் டிஎன்எஸ் சர்வர் மற்றவரின் வழியாக வரும் கேள்வியைப் பெரும்பாலும் ஏற்காது என்பதால், பொதுச் சர்வர்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத் தொலைபேசிதான் கடைசிவரை என் பொறுமையைச் சோதித்தது. வழி மாறிய பிறகும், அது இடைவிடாமல் அனுப்பிய யுடிபி பொட்டலங்கள் (தரவுத் துண்டுகள்), எந்தத் தொடர்பு எந்த வழியில் செல்கிறது என்று ரவுட்டர் குறித்துவைக்கும் தொடர்பு அட்டவணையில் பழைய பதிவைக் காலாவதியாக விடவில்லை. எனவே அவை செத்த வழியையே பற்றிக்கொண்டிருந்தன. வழி அறுந்ததும் அந்த அட்டவணையை அழிக்கும்படி அமைத்ததில், தொலைபேசி தானாகவே புதிய வழியில் பதிவு செய்துகொள்கிறது. அந்த நொடியில் நடந்துகொண்டிருக்கும் அழைப்பு மட்டும் இன்றும் துண்டிக்கப்படுகிறது.