குழந்தைக்குப் பேதி: பொட்டலமா, டெட்ரா பாக்கெட்டா, உப்புக் கஞ்சியா, இளநீரா?

ஒரு வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்து நான்கு முறை தண்ணீராகப் போயிருக்கிறது. பாட்டி கஞ்சி வைக்கிறார். சித்தப்பா இளநீர் வாங்கக் கிளம்புகிறார். மருந்துக்கடையில் ஆரஞ்சுச் சுவையில் ஒரு டெட்ரா பாக்கெட்டை நீட்டுகிறார்கள். அங்கன்வாடியில் கொடுத்த ஓஆர்எஸ் (பேதியில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு, சர்க்கரைப் பொடி) பொட்டலம் ஒன்று அலமாரியிலேயே கிடக்கிறது. நான்கும் தண்ணீர்தானே என்று தோன்றும். குடலுக்குள் போனபின் நான்கும் நான்கு விதமாக வேலை செய்கின்றன.

சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து நுழைகின்றன. அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகிறது. பேதியின்போதும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில், சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசலை வாய்வழி கொடுத்தே ஏராளமான காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். அளவு சரியாக இருந்தால்தான் அந்த வாசல் பயன்படும். சர்க்கரை கூடினால் குடலே உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும்.

ஓஆர்எஸ் பொட்டலம்

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவை இது. ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். பேதியில் போகும் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் ஈடுகட்டுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். எங்கள் முதல் தேர்வு இதுதான், அதில் தயக்கமே இல்லை.

தவறு நடப்பதெல்லாம் கலக்கும் இடத்தில். கடையில் இரண்டு அளவில் பொட்டலம் வருகிறது. பெரியது ஒரு லிட்டருக்கு, சுமார் 4 கிராம் உள்ள சின்னது 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிவிட்டால் ஐந்து மடங்கு உப்பு. இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும். "ஒரு லிட்டர் எங்கே குடிக்கப் போறான்" என்று ஸ்பூன் ஸ்பூனாகப் பொடியை எடுத்துக் கலப்பதும் ஆபத்து, ஒவ்வொரு முறையும் அளவு மாறும். முழுப் பொட்டலம், முழு அளவு தண்ணீர், மிச்சமானால் கொட்டிவிடலாம். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு டம்ளர்கள் 150 மி.லி.யும் இருக்கும், 250-ம் இருக்கும். சின்னப் பொட்டலத்துக்கு, பால்புட்டியின் கோட்டைப் பார்த்து 200 மி.லி. அளந்து, அது எந்த டம்ளரில் எதுவரை வருகிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகு பொடியைப் போடுங்கள், கலந்தபின் சூடாக்க வேண்டாம். பால், ஜூஸ், சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

டெட்ரா பாக்கெட்

இதில் இரண்டு ஜாதி. அட்டையில் "சோடியம் 75, குளுக்கோஸ் 75, மொத்தம் 245" என்ற கணக்கும் (கிராம் அல்ல, லிட்டருக்கு மில்லிமோல்) மருந்து உற்பத்தி உரிம எண்ணும் இருந்தால் அது பொட்டலத்துக்குச் சமம். பயணத்தில், நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில், அளவு தவறாமல் கொடுக்க மிக வசதி. விலைதான் கூடுதல்.

மற்றொன்று பழச்சுவைச் சர்க்கரைப் பானம். பழரசப் பானங்கள் பலவற்றில் 100 மி.லி.க்கே 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஓஆர்எஸ்ஸில் இருப்பது 100 மி.லி.க்கு 1.35 கிராம். பேதி பிடித்த குழந்தைக்கு இதைக் கொடுத்தால் பேதி அதிகமாகும். இப்படிப்பட்ட பானங்கள் பெயரில் "ஓஆர்எஸ்" என்ற எழுத்துகளோடு ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடியதன் பின்னணியில், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. பெயர் மாறினாலும் பானம் அதேதான், அதனால் கடைக்காரர் நீட்டுவதை அப்படியே வாங்காமல் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். உணவு ஆணைய முத்திரை மட்டும் இருந்து மருந்து உரிம எண் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உப்புக் கஞ்சியும் வீட்டுக் கரைசலும்

இரவு பதினொரு மணி, கடை மூடியாயிற்று, பொட்டலம் இல்லை. இந்த நேரத்தில் பாட்டி வைக்கும் கஞ்சி உண்மையிலேயே நல்ல மருந்து. ஒரு லிட்டர் கஞ்சிக்குத் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு, சுமார் 3 கிராம். அரிசி மாவுச்சத்து மெதுவாகக் குளுக்கோஸாக உடைவதால் குடலுக்குள் தண்ணீரை இழுப்பதில்லை, கொஞ்சம் சாப்பாடும் ஆகிவிடுகிறது. உப்புப் போட்ட மோரும் இதே வரிசையில் வரும். உப்பில்லாத கஞ்சிக்கு இந்தப் பலன் கிடையாது. வெயில் காலத்தில் கஞ்சி சீக்கிரம் கெடும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக வையுங்கள்.

சர்க்கரை உப்புக் கரைசல் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை. அவசரத்தில் உப்பைக் குவித்துப் போடுவதுதான் பெரிய ஆபத்து. கண்ணீரை விடக் கரிக்கிறது என்றால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். கஞ்சியோ இதுவோ, பொட்டலம் கிடைக்கும் வரைக்குமான ஏற்பாடுதான். ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குக் கஞ்சி வேண்டாம். தாய்ப்பாலும் மருத்துவர் சொல்லும் அளவில் ஓஆர்எஸ்ஸும் போதும்.

இளநீர், குளுக்கோஸ் பொடி, சோடா

இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் மிகக் குறைவு. பேதியில் அதிகம் போவது சோடியம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஓஆர்எஸ்ஸோடு கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்குப் பதிலாகக் கூடாது. குளுக்கோஸ் பொடி பெரும்பாலும் வெறும் சர்க்கரை, உப்பு கிடையாது. சோடா, கலர், டீ மூன்றும் வேண்டவே வேண்டாம்.

"டிரிப்ஸ் போட்டுடுங்க டாக்டர்"

குழந்தை விழித்திருந்து குடிக்க முடிகிறது என்றால், லேசான, நடுத்தர நீரிழப்புக்கு வாய்வழி ஓஆர்எஸ் போதும், ஊசி குத்தும் வலியும் மிச்சம். நடுத்தர நீரிழப்புக்கு மருத்துவமனையில் உட்காரவைத்து, கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுப்பார்கள். 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி., அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு 5 மி.லி. ஸ்பூன். பொறுமை வேண்டிய வேலை. டிரிப்ஸ் கேட்கத் தோன்றுவதே அதனால்தான்.

நீரிழப்பு இல்லாதபோது வீட்டில் கொடுக்கும் அளவு: ஒவ்வொரு முறை பேதி போன பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. பால்புட்டி வேண்டாம், பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுங்கள். "குடிச்சதும் வாந்தி எடுத்துட்டான்" என்று நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். மடமடவெனக் குடித்ததால் வந்த வாந்தி, மெதுவாகக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை: இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., பதினான்கு நாள். ஸ்பூனில் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி மூன்றாம் நாள் நின்றாலும் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும்; அடுத்த சில மாதங்களில் பேதி திரும்பவும் வருவதைக் குறைப்பது இதுதான். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். பேதியைக் கட்டும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தொக்கம் எடுக்க, உரம் எடுக்க அலையும் நேரத்தில் குழந்தை காய்ந்துபோகும்.

கண் குழி விழுவது, உச்சிக்குழி உள்வாங்குவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, குடிக்க மறுத்துச் சுருண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றாலும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. விழித்திருக்கும் குழந்தைக்கு வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போகலாம். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.