எஸ்ஆர்830 லாக்-இன் ஆம்ப்ளிஃபையர்: ஹீலியம் குளிரிலும் திருகோணமலை உப்புக்காற்றிலும்

லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் என்பது இரைச்சலுக்குள் புதைந்த சின்னச் சிக்னலில், நாம் தெரிவு செய்த மீடிறனில் வருவதை மட்டும் பிரித்து அளக்கும் கருவி. ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் சிஸ்டம்ஸின் எஸ்ஆர்830ஐ முதலில் வெளிநாட்டு ஆய்வுகூடத்தில், திரவ ஹீலியக் குளிரில் இருந்த குவாண்டம் கிணறுகளை (இலத்திரன்களை அடைத்து வைக்கும் மிக மெல்லிய குறைகடத்திப் படைகளை) அளக்கப் பாவித்தேன். இப்போது திருகோணமலையில், பாவித்த ஒன்றை வாங்கி மாணவர்களோடு வேலை செய்கிறேன். இரண்டு இடத்து அனுபவமும் இதில் கலந்தே வரும்.

அங்கே அளந்தவை இந்தியம் ஆர்சனைட், இந்தியம் அன்டிமனைட் கிணறுகள். சிலிக்கனின் சக்தி இடைவெளி (கட்டுண்ட இலத்திரன் கடத்தத் தொடங்கத் தேவையான சக்தி) 1.12 இலத்திரன்வோல்ற்று என்றால், இந்தியம் அன்டிமனைட்டுக்கு அறை வெப்பநிலையில் 0.17தான். இடைவெளி சிறுத்தால் இலத்திரனின் ஓட்டத்துக்கும் ஸ்பின்னுக்கும் (அதை ஒரு குட்டிக் காந்தம் போல ஆக்கும் இயல்புக்கும்) உள்ள பிணைப்பு பலமாகத் தெரியும். இந்தப் பிணைப்பு இரண்டு வகை. கிணற்றின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் ராஷ்பா விளைவு வரும். பளிங்கின் அமைப்பிலிருந்தே வருவது டிரெசல்ஹவுஸ் விளைவு. 1997இல் நிட்டா குழுவினர் ராஷ்பா விளைவை கேற் வோல்ற்றளவால் (மேலிருக்கும் மின்வாய்க்குக் கொடுக்கும் வோல்ற்றளவால்) கூட்டிக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். அவர்கள் பார்த்தது ஷூப்னிகோவ்–டி ஹாஸ் அலைவுகளின் (காந்தப்புலத்தைக் கூட்டும்போது தடை ஏறி இறங்குவதன்) விம்மலை, அதாவது அலைவின் உயரம் மாறிமாறிக் கூடிக் குறைவதை. எனக்கு அந்த வழியில் முழு நம்பிக்கை இல்லை. கிணற்றின் இரண்டாவது துணைப்பட்டை (அடுத்த சக்திப் படி) நிரம்பினாலும், மாதிரியில் இலத்திரன் அடர்த்தி சீராக இல்லாவிட்டாலும் அதே விம்மல் வந்துவிடும்.

இந்தப் பிணைப்பை அளக்க மற்ற வழி வீக் ஆன்டிலோக்கலைசேஷன்: சுற்றி வந்து தன்னோடு தானே குறுக்கிடும் இலத்திரன் அலை, ஸ்பின் பிணைப்பால் கடத்துதிறனைக் கூட்டுவது. காந்தப்புலம் பூச்சியமாக இருக்கும் இடத்தில் கடத்துதிறன் ஒரு சின்னக் கூர்முனையாக எழும்பும். நல்ல மாதிரிகளில் அதன் அகலம் ஒரு மில்லிடெஸ்லா அளவுதான். உயரமோ மொத்தக் கடத்துதிறனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் வழியில்லை, இலத்திரன்கள் சூடாகிவிடும். எஸ்ஆர்830இன் சைன் வெளியீட்டை 1 வோல்ற்றில் வைத்து, தொடராக 10 மெகா ஓம் தடை போட்டால் 100 நானோ அம்பியர் கிடைக்கும். நான் அதைத் தாண்டுவது குறைவு. 50 ஹேர்ட்ஸ் மின்வழங்கலோடு சிக்காமல் 17 ஹேர்ட்ஸ் போல ஒரு மீடிறன் எடுத்துக்கொள்வேன். இதுவரைக்கும் பிரச்சினை இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது நேர மாறிலியை, அதாவது லாக்-இன் இரைச்சலை வடிகட்டச் சிக்னலைச் சராசரியாக்கும் நேரத்தை. 1 செக்கன் மாறிலி, 24 டெசிபெல் சாய்வு (வடிகட்டி எவ்வளவு செங்குத்தாக வெட்டுகிறது என்பது) என்று வைத்தால் வாசிப்பு ஏறக்குறைய 4 செக்கன் பிந்தி வரும். புலத்தை நிமிடத்துக்கு 0.1 டெஸ்லா வேகத்தில் மாற்றினால் அந்த 4 செக்கனுக்குள் 6 மில்லிடெஸ்லாவுக்கு மேல் போய்விடும். அதாவது கூர்முனை தன் அகலத்தைப் போலப் பல மடங்கு தூரம் தள்ளித் தெரியும், போதாததற்கு அகன்று மழுங்கியும் போகும். மீகடத்திக் காந்தத்தில் தங்கி நிற்கும் எச்சப் புலமும் பூச்சியத்தைத் தள்ளிக் காட்டும் என்பதால் எது எதனால் என்று குழம்பும். நண்பர் ஒருவர் அனுப்பிய தரவைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இது காந்தத்தின்ர குணமா, மெஷின்ர குணமா?"

"வேகத்தைப் பாதியாக்கி எடுத்த ஃபைலையும் பக்கத்தில போட்டுப் பாருங்கோ" என்றேன். விலகல் பாதியானால் அது லாக்-இன்னின் தாமதம். அப்படியே நின்றால் காந்தம். எங்களிடம் ஹீலியம் கிடையாது. ஆனால் இந்தத் தாமதத்தை ஒரு கம்பிச் சுருளும் இந்தியம் அன்டிமனைட் ஹோல் சில்லும் (காந்தப்புலத்தை வோல்ற்றளவாக மாற்றும் உணரியும்) இருந்தால் அறை வெப்பநிலையிலேயே காட்டலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷின் சரியாக அளந்தாலும், தரவோடு பொருத்தும் சூத்திரம் பிழைத்தால் விடை பிழைக்கும். அந்தக் கூர்முனையோடு வழமையாகப் பொருத்தும் ஹிகாமி–லார்கின்–நாகவோகா சூத்திரம் (1980) இலத்திரன் பலமுறை மோதி அலைவதை எடுகோளாகக் கொண்டது. அசைதிறன் கூடிய, அதாவது இலத்திரன் அதிகம் மோதாமல் ஓடும், அன்டிமனைட் கிணறுகளுக்கு அது பொருந்தாது. வளைகோடு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக வரும் எண்ணை அப்படியே நம்ப நான் தயாரில்லை.

இனி நம்ம ஊர்ச் சங்கதி. கடற்காற்றில் பிஎன்சி இணைப்பிகள் (சிக்னல் கேபிள்களின் முனையில் உள்ளவை) பச்சை பிடிக்கின்றன. அப்புறம் சிக்னல் துள்ளத் தொடங்கினால் ஆளாளுக்கு மெஷினைத்தான் குறை சொல்வார்கள். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். மாரி காலத்தில் கேபிள்களை பல்ப் எரியும் அலுமாரிக்குள் வைக்கிறேன், கமராக்காரர் லென்ஸைப் பாதுகாப்பது போல. மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்தினாலே சில நாட்களில் இரைச்சல் குறையும். கச்சான் வெக்கையில் அதற்கு மாணவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். கணினியோடு பேச ஜிபிஐபி, ஆர்எஸ்232 (சீரியல்) என்ற இரண்டு பழைய இணைப்பு வகைகள் மட்டுமே உள்ளன. எங்களுக்கு யூஎஸ்பி–சீரியல் மாற்றியும் பைதனும் போதுமாக இருக்கின்றன.

பாவித்ததை வாங்குபவர்கள் பின்பக்க வோல்ற்றளவுத் தெரிவை முதலில் பாருங்கள். 110 வோல்ற்று நாட்டிலிருந்து வந்ததை அப்படியே நம்ம பிளக்கில் செருகக் கூடாது. அடுத்து சைன் வெளியீட்டை நேரே ஏ உள்ளீட்டில் கொடுத்து, அவத்தையை (ஃபேஸை) தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்துங்கள். திரையில் எக்ஸ் (சைனோடு ஒத்த அவத்தையில் உள்ள பகுதி) நீங்கள் கொடுத்த வோல்ற்றளவையும் வை (அதிலிருந்து 90 பாகை விலகிய பகுதி) பூச்சியத்தையும் காட்ட வேண்டும். உணர்திறன் வீச்சுகளை ஒவ்வொன்றாக மாற்றி, சிக்னலையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு, இதையே திரும்பப் பாருங்கள். எந்த வீச்சிலாவது எண் குதித்தால் காசை எண்ண வேண்டாம்.