ஜூலியாவில் ஏழெட்டு வருடம்: அந்த முதல் வரைபடத்துக்கான காத்திருப்பு

ஜூலியா என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளலாமா, பைத்தானே போதுமா என்று நண்பர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், பழைய கடுப்பெல்லாம் கிளம்பிவிட்டது.

நான் ஏறியது 0.6 பதிப்பில். 2018 ஆகஸ்டில் 1.0 வந்தபோது லின்ஸ்பேஸ் என்ற ஃபங்ஷன் போய் ரேஞ்ச் வந்தது, இன்னும் என்னென்னவோ மாறியது, என் நிரலில் பாதி படுத்துவிட்டது. அதைக்கூட மன்னித்துவிட்டேன், அன்று திருத்தி எழுதியது இன்றுவரை ஓடுகிறதே.

மன்னிக்க முடியாதது காத்திருப்பு. பத்தே பத்துப் புள்ளியை வரையச் சொன்னால் அரை நிமிடத்துக்கு மேல் திரை சும்மா கிடக்கும். ஒரு ஃபங்ஷனை முதல்முறை கூப்பிடும்போதுதான், கொடுத்த மதிப்பின் டைப்புக்கு (முழு எண்ணா, தசம எண்ணா என்ற வகைக்கு) ஏற்ப, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக அது இயந்திரக் குறியீடாகிறது. அடுத்த தடவை கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் செஷனை மூடினால் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இதற்கு 'டைம் டு ஃபர்ஸ்ட் ப்ளாட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2023-ல் 1.9 வந்து, பேக்கேஜ்களின் இயந்திரக் குறியீட்டையே வட்டில் சேமிக்கத் தொடங்கியதும் எனக்குச் சில நொடிகளாகக் குறைந்தது. சந்தோஷம்தான். ஆனால் ஒரு பேக்கேஜை அப்டேட் செய்து பாருங்கள், ப்ரீகம்பைல் (முன்கூட்டியே இயந்திரக் குறியீடாக்குவது) செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பட்டாளமே வரிசை கட்டும்.

சரி, ஏன் இன்னும் விடவில்லை? வெப்பப் பரவலுக்கு நான் எழுதிய சாதாரண ஃபார் லூப் ஒன்று இருந்தது. அதன் வகைக்கெழு தேவைப்பட்டபோது, வகைக்கெழு கண்டுபிடித்துத் தரும் ஃபார்வர்ட்டிஃப் என்ற பேக்கேஜிடம் கொடுத்தேன். முதலில் பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தி. பார்த்தால், உள்ளே பூஜ்ஜிய அணி உருவாக்க ஜீரோஸ் என்று வெறுமனே எழுதியிருந்தேன், அது ஃப்ளோட்64 என்ற சாதாரண தசம எண்களின் அணியைத்தான் தரும், ஃபார்வர்ட்டிஃப் அனுப்பும் டூயல் எண் (மதிப்போடு வகைக்கெழுவையும் சுமக்கும் எண்) அதில் உட்காராது. உள்ளே வருவதன் டைப்பிலேயே அணியை உருவாக்கச் சொல்லி அந்த ஒரு வரியை மாற்றினேன். அவ்வளவுதான், வகைக்கெழு வந்து நின்றது. அந்த பேக்கேஜை எழுதியவருக்கு என் லூப்பைத் தெரியாது, லூப் எழுதும்போது எனக்கும் அந்த பேக்கேஜைத் தெரியாது. மல்டிபிள் டிஸ்பேட்ச், அதாவது உள்ளே வரும் எல்லா மதிப்புகளின் டைப்பையும் பார்த்து எதை ஓட்டுவது என்று மொழியே தேர்ந்தெடுப்பது, அதன் அர்த்தம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம், பைத்தானிலேயே இருங்கள். நான்? இதை எழுதும்போதே பக்கத்து டெர்மினலில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை.