பர்கண்டி வார இறுதிப் பயணம்: வெசலே பசிலிக்காவுக்கு ‘ரிக்கெட் காசு’ கேட்டால் கொடுக்காதீர்கள்

பாரிசிலிருந்து வான் வண்டியில் ஆட்களை ஏற்றி, பர்கண்டிக் கிராமங்களையும் பழைய தேவாலயங்களையும் காட்டுகிறேன் என்று கூட்டிப்போகிற ஒருவர் எங்கள் குடும்பத்தை நன்றாக ஏமாற்றிவிட்டார். அடுத்த பயணத்துக்கும் ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அடக்கம் என்றுதான் முதலில் காசு வாங்கினார். குன்றின் மேல் பழைய பெரிய தேவாலயம் (பசிலிக்கா) உள்ள வெசலே என்ற ஊரின் அடியில் வானை நிறுத்தியதும் கதை மாறியது. பசிலிக்காவுக்குத் தலைக்கு 12 யூரோ தனி என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன். “மேல தருவினம் அக்கா, நீங்கள் நடவுங்கோ” என்றார்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அந்த ஏற்றத் தெருவில் நின்று நின்று ஏறி வாசலுக்குப் போனால் ரிக்கெட் மேசையே இல்லை. கதவு திறந்திருக்கிறது, சனம் தன்பாட்டில் போய் வருகிறது. உள்ளே நின்ற தொண்டர் பெண்மணியிடம் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. யாரிடமும் காசு வாங்குவதில்லை என்றார். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: பாதுகாக்கப்பட்ட தேவாலயங்களைப் பார்வையிடக் கட்டணம் அறவிடக் கூடாது. சில இடங்களில் கோபுரம் ஏறவும் பொக்கிஷ அறை பார்க்கவும் மட்டும் தனிக் கட்டணம் இருக்கும்.

காசைவிட எனக்கு ஆறாதது வேறு. 1146இல் துறவியான புனித பெர்னார்ட் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த ஊர் இது. முன்மண்டபத்தின் உள்வாசலுக்கு மேலே, கிறிஸ்துவின் விரல்களிலிருந்து சீடர்கள் மேல் கதிர்கள் இறங்குகிற சிற்பம்; அதைச் சுற்றி உலகத்து இனங்கள், பெரிய காதுள்ள மனிதர்கள், ராசிகள். தூண் தலை ஒன்றில் மோசே திரிகையில் தானியத்தைக் கொட்ட, பவுல் மாவை ஏந்துகிறார். இதையெல்லாம் விளக்க வழிகாட்டி வருவார் என்று வான்காரர் சொல்லியிருந்தார், ஒருவரும் வரவில்லை. கொடுத்தது அரை மணிநேரம். நிலவறையில் மகதலா மரியாளின் திருப்பண்டத்துக்கு முன்னால் அம்மா செபமாலையைக் கையில் எடுக்கும்போதே போன் அடிக்கிறது, “கெதியா வாங்கோ” என்று. அவ்வளவு அவசரப்படுத்தியவர், பிறகு ஒரு வைன் கடையில் ஒன்றரை மணிநேரம் எங்களை இருத்தி வைத்தார்.

1118இல் தொடங்கிய ஃபொந்தனே மடமும் திட்டத்தில் இருந்தது. அது தனியார் சொத்து, அங்கே உண்மையாகவே கட்டணம் உண்டு. “இண்டைக்குப் பூட்டு” என்று சொல்லி அவர் வானைத் திருப்பிவிட்டார். மடத்தின் இணையத்தளத்தைப் பார்த்தேன், அன்று திறந்துதான் இருந்தது. அந்தக் காசும் திரும்பி வரவில்லை.

பிரான்சில் தங்குமிடத்தோடு சேர்த்துப் பயணம் விற்பவர் அரசின் சுற்றுலா அமைப்பான அத்தூ பிரான்ஸின் (Atout France) பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். முற்பணம் கொடுக்கும் முன் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களிடம் வந்தவரின் பெயர் அதில் இல்லை.

நுகர்வோர் முறையிடுவதற்கான அரசின் சிஞ்ஞால்கொன்சோ (SignalConso) தளத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அதே வானில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நீங்களும் போடுங்கள். காசு அனுப்பிய வங்கிப் பதிவையும் அவர் அனுப்பிய பயணத் திட்டத்தையும் அழித்துவிடாதீர்கள்.