1,799 ரூபாய்க்கு 2 டிபி: நானும் ஏமாந்து, சொந்தக்காரர்களையும் ஏமாற வைத்த கதை

எங்கள் சொந்தத்தில் யார் போன் வாங்கப் போனாலும் கடையில் நின்றபடி முதலில் எனக்குத்தான் படம் அனுப்புவார்கள். "தம்பி, இது பரவாயில்லையா?" பட்டுக்கோட்டையில் ஓர் உரக்கடையில் பில் போடுவதுதான் என் வேலை. ஆனால் மின்சாதனம் என்று வந்துவிட்டால் கேட்காமலே அபிப்பிராயம் சொல்கிற ஆள். மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள், சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரிலாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் போனுக்குப் போய்ச் சேருவது 6,000 சொச்சம்தான், மீதி வோல்டேஜை ஏற்றுவதிலேயே போய்விடும் என்பேன். இப்படி ஊருக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் போன தை மாதம் ஏமாந்தேன். நான் மட்டும் ஏமாந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். என் பேச்சை நம்பி இன்னும் இரண்டு பேர் வாங்கினார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

பொங்கல் தள்ளுபடி என்று ஒரு பெரிய ஆன்லைன் கடையில் கையடக்க எஸ்எஸ்டி ஒன்றைப் பார்த்தேன்; படம், வீடியோவெல்லாம் சேமித்து வைக்கிற சின்னப் பெட்டி, ஹார்ட் டிஸ்கைவிட வேகமானது. 2 டிபி, அதாவது 2,000 ஜிபி; விலை 1,799 ரூபாய். பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை; ஆனால் அப்படி ஒரு கம்பெனியின் பொருளைப் பார்த்துச் செய்த மாதிரியே ஒரு தோற்றம். நாலுக்கு மேல் நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் மதிப்பீடுகள். உண்மையான 2 டிபி எஸ்எஸ்டி பத்தாயிரத்துக்குக் கீழே கிடைக்காது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மனசு ஒரு கணக்குப் போட்டது: விற்காமல் தேங்கிய சரக்காக இருக்கும், பெயரில்லாத கம்பெனிதானே, வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதானே. ஒன்றுமே தெரியாதவர் இவ்வளவு சமாதானம் கண்டுபிடிக்க மாட்டார். அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் அது கைவரும்.

பெட்டி வந்தது. கையில் வாங்கியதும் நல்ல கனம். கம்ப்யூட்டரில் செருகினால் 1.95 டிபி என்று காட்டியது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணும். அதனால் நிஜமான 2 டிபி விண்டோஸில் 1.81 என்றுதான் தெரியும். இதை நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கோ, "பரவாயில்லையே, கூடவே கொடுத்திருக்கிறான்" என்று நினைத்தேன்.

என்னிடம் 2014இல் வாங்கிய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அதில் 380 ஜிபி: குடும்பப் படங்கள், கல்யாண வீடியோக்கள், பாட்டுகள். எல்லாவற்றையும் புதியதுக்கு மாற்ற ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். தொடக்கத்தில் வினாடிக்கு 30 எம்பி என்று ஓடி, கொஞ்ச நேரத்தில் 12க்கு இறங்கியது. நல்ல எஸ்எஸ்டி என்றால் 400க்குக் குறையாமல் ஓட வேண்டும். கம்ப்யூட்டர் போர்ட் பழசு என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் வேலை முடிந்திருந்தது. முதல் நாலைந்து ஃபோல்டரைத் திறந்தேன், எல்லாம் வந்தது. திருப்தியாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் லிங்கைப் போட்டு, "நான் வாங்கிவிட்டேன், அருமை" என்று எழுதினேன். அடுத்த வாரம் பழைய டிஸ்கை ஃபார்மட் அடித்து, சினிமா ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பேராவூரணி அத்தானுக்குக் கொடுத்துவிட்டேன்.

விஷயம் வெளியே வந்தது ஆடியில். எங்கள் தோப்பில் கஜாவுக்குப் பிறகு, 2019இல் வைத்த தென்னைகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பழைய தோப்பு எப்படி இருந்தது, புயலுக்கு மறுநாள் எப்படிக் கிடந்தது, அந்தப் படத்தைப் போடுப்பா, பார்ப்போம்" என்றார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அன்று பொழுது விடிந்ததும் தோப்புக்குள் நடந்துகொண்டே போனில் எடுத்த நாலு நிமிட வீடியோ என்னிடம் இருந்தது. "கஜா 2018" என்று ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே ஃபைல் பெயர்கள் இருக்கின்றன. அளவு, தேதி எல்லாம் சரி. தட்டினால் திறக்கவில்லை. அடுத்ததைத் தட்டினேன், அதுவும் இல்லை. ஒரு படம் மட்டும் மேல் கால்வாசி தென்னங்கீற்றும், கீழே முழுக்கச் சாம்பல் நிறமுமாக வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கரண்ட் சரியா வரலையோ?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். சேமிப்புச் சாதனத்துக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு சிப் இருக்கும். கம்ப்யூட்டர் அதனிடம் "உன் கொள்ளளவு என்ன?" என்று கேட்கும், அது சொல்வதை அப்படியே நம்பிவிடும். இந்த மோசடிக்காரர்கள் அந்தச் சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்குகிற மென்பொருளை, மாற்றி எழுதி, 64 ஜிபியை 2,000 ஜிபி என்று பொய் சொல்ல வைத்துவிடுகிறார்கள். நம் பக்கத்து உதாரணம் சொன்னால், 64 சிப்பம், அதாவது 64 நெல் மூட்டை, மட்டும் பிடிக்கிற கொட்டகையில் கொள்முதல் நிலையம் போட்டு, 2,000 சிப்பம் என்று நோட்டில் எழுதுகிற மாதிரி. வந்த ஒவ்வொரு சிப்பத்துக்கும் நோட்டில் வரவு இருக்கும். 65ஆவது சிப்பத்திலிருந்து நெல்லைப் பின்வாசல் வழியாக வெளியே கொட்டிவிடுவார்கள். ஃபைல் பெயர், அளவு, தேதியெல்லாம் அந்த நோட்டு. எழுதியிருப்பதில் ஒரு குறையும் இருக்காது. சில போலிகளில் புதிதாக வருவது பழையதன் மேலேயே எழுதப்பட்டு, முன்னால் போட்டதும் அழியும். என்னுடையது முதல் ரகம். முதல் 60 ஜிபி வரை நன்றாகத் திறந்தது. நான் சோதித்துப் பார்த்ததும் அந்த 60க்குள் இருந்த ஃபோல்டர்களைத்தான்.

இதில் திருட்டுப் புத்தி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திருப்பி அனுப்ப 7 நாள். 2 டிபி வாங்குகிற யாரும் ஏழு நாளில் அதை நிரப்பப் போவதில்லை. பத்துப் பாட்டைப் போட்டுப் பார்ப்பார், பாடும், ஐந்து நட்சத்திரம் போடுவார். பிறகு நான் அந்த மதிப்பீடுகளை உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலும் பொருள் வந்த அன்றே எழுதியவை. "கலர் சூப்பர்", "பேக்கிங் நன்று". இடையில் நாலைந்து பேர் போன் கவரைப் பற்றி எழுதியிருந்தார்கள்: முன்பு அதே பக்கத்தில் கவர் விற்றுச் சேர்த்த நட்சத்திரங்களைத்தான் எஸ்எஸ்டியின் தலையில் வைத்திருக்கிறார்கள். ஒற்றை நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், ஆறு மாதம் கழித்து எழுதியவர்கள் எல்லாரும் என்னைப் போலவே புலம்பியிருந்தார்கள். வாங்குவதற்கு முன்னால் அதைப் படிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எரிச்சலில் அதை உடைத்தேன். ஸ்க்ரூ எதுவும் இல்லை, பசை போட்டு ஒட்டியிருந்தது. பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பியதும் டப்பாபோலத் திறந்துகொண்டது. உள்ளே முக்கால்வாசி வெற்றிடம். கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைப் போர்டு, அதன் மேல் போனில் போடுகிற மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று, அது நழுவாமல் இருக்க ஒரு சொட்டுப் பசை. பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டை ஒட்டியிருந்தது. எதற்கென்று முதலில் புரியவில்லை. அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு டப்பாவைத் தூக்கினால் காற்றாகப் பறக்கிறது. அந்த நல்ல கனம் இரும்பினுடையது. கேபிளையும் பார்த்தேன். செருகும் முனைக்குள் நீல நிறப் பிளாஸ்டிக், அதாவது வேகமான யுஎஸ்பி 3 என்று வேஷம். நிஜ யுஎஸ்பி 3 முனையில் 9 தொடுமுனைகள் இருக்கும்: முன்னால் நாலு, பின்னால் உள்ளே தள்ளி ஐந்து. இதில் முன்னால் இருந்த நாலு மட்டும்தான்.

விற்றவனிடம் கேட்டால் "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, சார்" என்று ஒரே பதில். மூன்றாம் நாள் அந்த விற்பனையாளர் பெயரே தளத்தில் இல்லை. அதே படம், அதே விலை, வேறு பெயரில் விற்பனை தொடர்ந்தது. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம். பில், நான் எடுத்து வைத்திருந்த படங்கள், கீழே சொல்லப்போகிற சோதனை மென்பொருள் காட்டிய முடிவு எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிவானது. இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் கடைக்குக் குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும்; அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரைத் தளத்தின் அடிவாரத்தில் பொடி எழுத்தில் தேடிப் பிடித்து அவருக்கும் எழுதினேன். 26ஆம் நாள் என் 1,799 திரும்பி வந்தது. தவறு என்று எங்கேயும் ஒத்துக்கொள்ளவில்லை, "நல்லெண்ண அடிப்படையில்" என்று போட்டிருந்தார்கள். சரி, என் பணம் எனக்கு வந்தது.

மற்ற இருவரின் கதை வேறு. சித்தப்பா மகள் டெலிவரியின்போது கையில் காசு கொடுத்து வாங்கினாள், விற்றவன் காணாமல் போன பிறகு ஆறு தடவை பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரத்தநாட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர், நான் போட்ட லிங்க் திறக்கவில்லை என்று ஃபேஸ்புக்கில் வந்த அதே மாதிரி விளம்பரத்தில் இரண்டு வாங்கியிருக்கிறார். அந்த விற்பனைத் தளத்தில் முகவரி இல்லை, போன் இல்லை. இப்போது தளமே இல்லை. பணத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கேமரா கார்டுகளை அழித்துவிட்டு அந்தப் போலியையே நம்பியிருந்ததில் ஒரு வளைகாப்பு முழுதாகப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. சித்தப்பா மகளுக்கு மட்டும் 1,799ஐ ஜிபே செய்தேன், "வேண்டாம் அண்ணா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

யாராவது ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தால், அதில் இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு, காலி செய்துவிட்டுச் சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, ஜெர்மனியின் சி'டி கணினிப் பத்திரிகைக்காரர்கள் செய்தது. அது முழு இடத்தையும் தன் தரவால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்3. ஒரே சிக்கல், இந்த மாதிரி ஆமை வேகச் சாமானில் 2 டிபியை நிரப்ப இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு வேலிடிரைவ் இருக்கிறது; 576 இடங்களில் மட்டும் எழுதிப் படித்துப் பார்த்துச் சீக்கிரமே முடிவு சொல்லும். என்னுடையதில் தொடக்கத்தில் கொஞ்சம் பச்சை, மீதி முழுக்கச் சிவப்பு. ரிட்டர்ன் காலத்துக்குள் இதைச் செய்தால்தான் பிரயோஜனம். பெட்டி வந்த அன்று ராத்திரியே போட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு சோதனை வாங்கும்போதே செய்யலாம். 256 ஜிபிக்கு மேற்பட்ட யுஎஸ்பி எஸ்எஸ்டியை இந்தியாவில் விற்க பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு வேண்டும். பெட்டியில் ஆர் என்ற எழுத்துக்குப் பிறகு எட்டு இலக்க எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று வரும். என் பெட்டியில் முத்திரை இருந்தது, எண் இல்லை. நான் முத்திரையைப் பார்த்ததோடு சரி.

கஜா படங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேராவூரணிக்கு ஓடினேன். அத்தான் அந்தப் பழைய டிஸ்கில் முப்பது நாற்பது சினிமாவை ஏற்றி டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபார்மட் அடிச்சதுல எப்படி மாப்ள வரும்?" என்று கேட்டார். மேலே எழுதப்படாத இடங்களில் பழையது கிடக்கும் அத்தான் என்று சொல்லி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். பெயர் இல்லாமல், தேதி இல்லாமல் நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன. அவற்றில் தோப்புப் படங்கள் பதினேழு. நாலு நிமிட வீடியோ இருந்த இடத்தில் இப்போது ஏதோ ஒரு சினிமா உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் தஞ்சாவூரில் கடைக்கே போய், பில்லோடு 1 டிபி சாதா ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். வந்த கையோடு எச்2டெஸ்ட்டபிள்யூவைப் போட்டேன். நாலாவது மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. நேற்று ராத்திரி மறுபடி முதலிலிருந்து போட்டிருக்கிறேன். முடிந்ததா என்று அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.